பச்சை முகம்

என் லேப்டாப் பையில் நான்கு மாதம் லேப்டாப் இருக்கவில்லை. எண்ணெய் வண்ண டியூப்கள், மூன்று பிரஷ்கள், ஆபிட்ஸ் கடைத்தெரு நடைபாதையில் வாங்கிய ஓவியப் புத்தகம், மேலே மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம். ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்த அந்த வருடம் கம்பெனி என்னையும் அனுப்பிவிட்டது. வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்களே தவிர அதன் நாடா என்னிடம்தான் இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டி, நுனியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தினமும் காலையில் கொண்டாப்பூரிலிருந்து கிளம்புவேன். போய்ச் சேருவது ஊரின் மறுகோடியில், மல்காஜ்கிரியில் இருந்த அக்கா வீட்டுக்கு.

ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கே வந்து இருபது வருடமாகியிருந்ததால் அக்காவின் பேச்சில் 'வேண்டாம்' என்பதற்கு நக்கோவும் 'ஆமாம்' என்பதற்கு ஹவ்வுமாக அந்த ஊர் உருது ஏறியிருந்தது. என் மனைவியிடம் சொல்லக் கூடாது என்று முதல் நாளே அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன். "நக்கோடா தம்பி, அவகிட்ட சொல்லிடு" என்று தினமும் ஒருமுறையாவது சொல்வாள். சொல்லிக்கொண்டே பின்னறையைத் திறந்துவிடுவாள்.

ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிய ஓவியர் ஒருவர் தீட்டிய பெண் முகத்தைப் பார்த்து வரைந்தேன். வேலைக்கு மனுப் போட்ட நேரம் போக மிச்சப் பகலுக்குக் கையில் ஏதாவது வேண்டியிருந்தது. படத்தின்மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகக் கான்வாஸ் துணிக்கு மாற்றினேன். மூக்குக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. அந்தக் காலத்து முறைப்படி முகம் முழுவதையும் முதலில் மங்கலான பச்சையில் முடிக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் சிவப்பை மெல்லிசாக ஏற்ற வேண்டும். அக்கா பீன்ஸ் நறுக்கியபடி எட்டிப் பார்த்து, "செத்த பொணமாட்டம் இருக்காளேடா, எப்ப உசுரு வரும்?" என்றாள். எனக்குப் பொறுமை இல்லை. ஈரத்திலேயே சிவப்பைத் தொட்டேன். ஒரு கன்னம் சேறாகிப்போனது. துடைத்துவிட்டு மறுபடி பச்சையிலிருந்து ஆரம்பித்தேன்.

சட்டைக் கையில் பச்சைக் கறையைப் பார்த்து மனைவி கேட்டாள். ஆபீஸ் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. அக்காவுக்குப் போன் செய்தாள். "இங்க வரலையேம்மா" என்றாள் அக்கா. பிறகு மனைவி ஆபீஸுக்கே போய் விசாரித்துவிட்டு, ஒரு மத்தியானம் நேராக அந்தப் பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

நான் பிரஷ்ஷோடு எழுந்தேன். அவள் பார்வை என்மேல் நிற்கவில்லை. "நீங்க சொல்லிக்கொடுத்துத்தானே அண்ணி இவர் என்கிட்ட மறைச்சார்?" என்று அக்காவைக் கேட்டாள். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "ஹவ்மா, நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றாள் அக்கா.

இரண்டு மாதத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. மனைவி அக்கா வீட்டுப் படியை அப்புறம் மிதிக்கவே இல்லை. நானும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அக்கா இறந்தபோது மனைவி வந்து தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அந்த முகம் இன்னும் பச்சையாகவே அக்காவின் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. கேட்டு வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பை கிடைத்தது. அடியில் காய்ந்துபோன பச்சை. மனைவி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "உங்க அக்கா மட்டும் அன்னைக்கு போன்ல உண்மையைச் சொல்லியிருந்தா, நான் அவங்களோட இத்தனை வருஷம் பேசாம இருந்திருப்பேனா?" என்றாள்.

நான் பையை வாங்கி ஜிப்பை இழுத்து மூடினேன். "ஆமாம், அக்கா சொல்லியிருக்கணும்" என்றேன்.