வெங்காயப் பட்டறைப் பாடம்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஐந்து பேர். வயிற்றில் பிறந்தது நான்கு, ஐந்தாவது மகன் வழிப் பேத்தி. பெற்ற நான்கு பேரும் சோற்றுக்கு யார் கையையும் பார்க்காமல் பிழைக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நான் இரண்டாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். அதனால் இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இப்போது ஏழாம் வகுப்பு. என் பேச்சை அவளே புத்தகத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். ஆட்கள் பேசிக்கொள்வதை மட்டும் பேசினபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது நடந்த கதை இது. மகன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பான். மருமகளுக்குச் செருப்புக் கம்பெனியில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். ஆக, பிள்ளைக்குத் தலை பின்னி, சோறு போட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது நான். சாயங்காலம் படிக்க வைப்பதும் நான்.

படிக்க வைப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டு ஒப்பிக்க வேண்டும். அவள் புத்தகத்தை மடியில் வைத்து, விரலை ஓட்டிக்கொண்டே சொல்வாள். நான் வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டே கேட்பேன். எங்காவது தடுமாறினால் மறுபடியும் மேலேயிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். கடைசியில் பாடம் முழுசும் தண்ணீர் மாதிரி வரும். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கச் சொல்வேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பக்கோடா வாங்கி வந்தான். மடித்திருந்த பேப்பரை மகளிடம் நீட்டினான்.

"இதுல என்னா போட்டுருக்கு, படி பாப்பம்."

பிள்ளை பேப்பரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"அது பேப்பருடா. புத்தகத்தைக் குடு, எப்புடிப் படிக்குதுன்னு பாரு" என்றேன்.

புத்தகம் வந்தது. விரல் ஓடியது. கடகடவென்று மழைப் பாடத்தைச் சொல்லி முடித்தாள். ஆனால் திறந்திருந்த பக்கத்தில் இருந்தது காக்காய்ப் படம். அது எனக்கே தெரிந்தது. மகன் ஒரு வார்த்தையில் விரலை வைத்து, "இது மட்டும் என்னா?" என்றான். பிள்ளை மழைப் பாடத்தையே மறுபடியும் ஆரம்பித்தது. அடுத்த வார்த்தைக்கும் அதே மழைதான்.

இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதையும் எழுதணுமா அப்பத்தா?" என்கிறாள். "எழுது. சிரிக்கிறவ சிரிச்சுட்டுப் போறா" என்றேன்.

மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டே, "ஜூன்ல ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துடுறேன்மா. சேலம் பக்கம் ஒண்ணு இருக்கு. நல்லா கண்டிப்பாம். மாசத்துக்கு ஒருவாட்டி போயி பாத்துக்கலாம்" என்றான். எட்டு வயசுப் பிள்ளை. என் முந்தானையைக் கையில் பிடித்தால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

"முழுப் பரிச்ச லீவு வரைக்கும் பொறுடா."

"அதுக்குள்ள படிப்பு வந்துடுமா?"

"வந்துடும்."

வாய் சொல்லிவிட்டது. எப்படி வரும் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் புளிய விளாறு ஒன்றை ஒடித்து, இலையை உருவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கிற முறை அதுதான். என் பிள்ளைகள் நான்கு பேரையும் அப்படித்தான் ஒப்படைத்தேன். டீச்சர் சின்ன வயசு, அரியலூர்ப் பெண், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். தரையில் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார்.

"டீச்சரம்மா, கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்று விளாறை நீட்டினேன்.

அவர் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். "தோலை உரிச்சா எழுத்து உள்ள போயிடுமாங்கம்மா?"

"பயம் இருந்தாத்தான படிப்பு வரும்?"

"அது இப்பவே பயந்துகிட்டுதான் இருக்கு. தெரியலன்னு சொல்லப் பயந்துதான் முழுப் பாடத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. நானும் போன வாரந்தான் கண்டுபிடிச்சேன். வேற பக்கத்தைத் திருப்பினாலும் நிக்காம சொல்லிட்டே போகுது."

என்னை பெஞ்சில் உட்கார வைத்து, தான் எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்று விவரமாகச் சொன்னார். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். முதலில் அது பேச வேண்டும். அது பேசியதுதான் பாடம். எழுத்து அதற்குப் பிறகு. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், நாம் முந்திக்கொள்ளக் கூடாது. "வூட்டுல ஒப்பிக்க மட்டும் சொல்லாதீங்க. இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, போதும்" என்றார். விளாறைக் கரும்பலகையில் எழுத்தைத் தொட்டுக் காட்ட வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது எனக்கு நம்பிக்கை இல்லை. பேசினால் படிப்பு வந்துவிடும் என்றால் எங்கள் தெருவில் எல்லோரும் கலெக்டர் ஆகியிருக்க வேண்டும். இருந்தாலும் டீச்சர் சொல்லை மீறவில்லை. ஒப்பிக்கிற சத்தம் நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, புள்ள படிக்கிறதை வுட்டுடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. களை எடுக்கிற வேலைகூட அவ்வளவு கஷ்டமில்லை. பொங்கல் போனது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவில்லை என்றுதான் தகவல்.

அப்புறம் வயலில் சின்ன வெங்காயம் வெட்டி எடுத்தோம். விலை ஏறட்டும் என்று பட்டறை போட்டோம். அடியில் கல்லும் குச்சியும் பரப்பி, சுற்றிலும் படல் கட்டி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய்வது. பிள்ளையும் கூடவே நின்று கீற்று எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் டீச்சர், "கையில என்ன இவ்வளவு வெங்காய நெடி?" என்று கேட்டாராம். அன்றைக்குத்தான் வாய் திறந்தது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கரும்பலகையில் வரிவரியாக எழுதியிருந்தது. "எங்க வூட்டுக்குப் பின்னால பட்டறை போட்டோம். அடியில காத்து போவணும். காத்து போவலன்னா வெங்காயம் அழுவிடும். அப்பத்தா என்னைத் திட்டிக்கிட்டே இருந்துச்சு." பிள்ளை சொன்னதை மாற்றாமல் எழுதியிருந்தார்.

"என்னாங்க டீச்சர், வூடுன்னு எழுதிருக்கீங்க?"

"அது அப்படித்தாம்மா சொல்லிச்சு. முதல்ல அதோட பேச்சை அதுவே படிக்கட்டும். புத்தகத்து வீட்டுக்கு அப்புறமா கூட்டிட்டுப் போறேன்."

"திட்டுனதையும் எழுதணுமா?"

"அந்த வரியத்தான் அது முதல்ல படிச்சுது" என்று சிரித்தார்.

அதே வரிகளைச் சீட்டுச் சீட்டாகக் கத்தரித்து, கலைத்துப் போட்டார். ஒப்பிக்க வழியில்லை. பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, உதட்டை அசைத்து, பார்த்துப் பார்த்து அடுக்கியது. "காத்து" என்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்த வரிக்கு என்று வெகுநேரம் யோசித்தது. என் நாக்கு துடித்தது. டீச்சர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிள்ளையே சரியான இடத்தில் வைத்தது.

அதன் பிறகு தினமும் ஒரு கதை. ஆடு குட்டி போட்டது, குழாயில் சண்டை வந்தது, எல்லாம் பாடம் ஆனது. தெருவில் யார் வீட்டுச் சங்கதி வேண்டுமானாலும் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

முழுப் பரீட்சை லீவு வந்தது. மகன் புது டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். ஹாஸ்டலுக்கு வேண்டுமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்று அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினான். "படி."

பிள்ளை தரையில் விரித்து வைத்தது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. காப்புக் கட்டுதல், பால்குடம், தேர். முன்னே மாதிரி கடகடவென்று இல்லை. மருமகள் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். நடுவில் ஓரிடத்தில் பிள்ளை நின்றுவிட்டது. அது நிமிர்ந்து அப்பனைப் பார்த்து, "இது தெரியலப்பா, என்னா?" என்றது.

மகன் குனிந்து பார்த்தான். "மகாபிஷேகம்."

"மகாபிஷேகம்" என்று எழுத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டு அது மேலே போனது.

"தெரியலன்னு வாயத் தொறந்து கேக்குதுங்க அத்தை" என்றாள் மருமகள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

மகன் கடைசி வரி வரைக்கும் கேட்டான். நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்க்காமலே, "அந்தப் பெட்டியில உளுந்து கொட்டி வச்சுக்கம்மா. எறும்பு ஏறாது" என்றான்.

அவன் வாயிலிருந்து அதற்கு மேல் எதுவும் வராது, எனக்குத் தெரியும். வந்தவரைக்கும் போதும். மாசக்கணக்காகத் தலையில் இருந்த சுமை இறங்கின மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் சோற்றை மறுபடியும் போட்டுக்கொண்டு தின்றேன். பிள்ளை என் பக்கத்தில் படுத்து நோட்டீசைத் திரும்பக் கேட்டது, படிக்க.

அவ்வளவுதான் கதை. கை வலிக்கிறது என்கிறாள். எங்கள் வீட்டில் இருந்து, எங்கள் ஊரில் படித்து, இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாள். எதை விட்டாள், எதைத் தானாகச் சேர்த்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

எங்க, மேலேருந்து படி கண்ணு, கேப்போம்.