சாவிக்கு மட்டும் தனி சுவிட்ச்

1

ஆயுதபூஜைக்கு முதல் நாள் எங்கள் கன்டெய்னர் யார்டில் கேட் நின்றுபோனது.

திருவொற்றியூர் பக்கத்து யார்டு அது. அங்கே நான் ஹவுஸ்கீப்பிங். அஞ்சாங்கிளாஸ் படிப்பு. அதிகம் பேசவும் மாட்டேன். சர்வர் ரூமில் பார்த்ததை, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அங்கே மூன்று சர்வர் பெட்டிகள். பூஜைக்கு ஒவ்வொன்றாக நிறுத்தி, துடைத்து, பொட்டு வைப்போம். நிறுத்தும் முன் அதில் ஓடுகிற மெஷின்களை ரெஜினா வேறு பெட்டிக்கு மாற்றுவாள். ராயபுரத்துப் பெண். நெட்வொர்க் முழுக்க அவள் பொறுப்பு. அந்த மெஷின்களைக் கையால் தொட முடியாது, எல்லாம் சாஃப்ட்வேர். அவற்றை நெட்வொர்க்கில் சேர்க்கிற சுவிட்சும் அப்படித்தான்.

கேட்டைத் திறந்து மூடுகிற மெஷினை மூன்றாவது பெட்டிக்கு மாற்றினாள். கேட் செத்தது. டிரெய்லர் டிரைவர் ஒருவர் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, சாமி கும்புட்டுகினு கீறீங்களா? வண்டி விம்கோ நகர் வரிக்கும் நிக்குது!"

ரெஜினா காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாள்.

"ஸ்டாண்டர்ட் சுவிட்ச், ஆயா. பெட்டிக்குப் பெட்டி தனித்தனியா போடணும். புது கேட் லைன ரெண்டுல போட்டுட்டு மூணாவதுல உட்டுட்டேன்."

மேனேஜர் ஒன்றே ஒன்று சொன்னார். "இன்னொரு வாட்டி கேட் நின்னா நீ வேற எடம் பாத்துக்கம்மா."

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

2

பிறகு டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் போடுவதென்று முடிவானது. ஒரே இடத்தில் மாற்றினால் மூன்று பெட்டியிலும் மாறிவிடும். மேனேஜருக்கு ஒரே குஷி.

"மொத்தத்தையும் அதுல ஏத்து."

"ஏத்தறேன் சார். பெட்டிய கன்ட்ரோல் பண்ற லைன் மட்டும் பழைய சுவிட்சுல, தனி கேபிள்ல இருக்கட்டும்."

"புதுசு வந்தப்பறம் பழசு எதுக்கு?"

"சாவிய உள்ள வச்சு வூட்ட பூட்டினா எப்டி சார் தொறப்பீங்க?"

வேலை போகிற பயத்திலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை; அந்த ஒரு லைன் பழைய சுவிட்சிலேயே இருந்தது. நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

சில மாதம் கழித்து அவளே புது சுவிட்சில் கேபிள் செட்டிங்கை மாற்றும்போது தவறு செய்தாள். ஒரு தப்பு, மூன்று பெட்டிக்கும் ஒரே நொடியில் போய்விட்டது. கேட், பில்லிங், எல்லாம் நின்றது. அவளுக்கு டீ வைத்துவிட்டு நான் ஓரமாக நின்றேன். அவள் பழைய சுவிட்ச் வழியாக உள்ளே போனாள். டீ ஆறுவதற்குள் எல்லாம் திரும்பியது.

மேனேஜர் வேகமாக வந்தார். "யாரு பண்ணது?"

"நான்தான் சார். உள்ள போற வழி தனியா இருந்துச்சு, போய் சரி பண்ணிட்டேன்."

அவர் திரையைப் பார்த்தார். வெளியே டிரெய்லர் நகர்கிற சத்தம் கேட்டது.

"அந்தப் பழச யாரும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு இடம் பார்க்கிற பேச்சு அப்புறம் வரவே இல்லை.

கெட்டிக்காரர்கள் பலரை அந்த ரூமில் பார்த்திருக்கிறேன். தன் கையும் ஒருநாள் தவறும் என்று முன்னாலேயே யோசித்து வேலை செய்தவள் இவள் ஒருத்திதான். நான் அங்கே கற்றது அதுதான்.

அடுத்த பூஜைக்கு, யாரும் சொல்லாமலே, அந்தத் தனிக் கேபிளுக்கும் ஒரு பொட்டு வைத்தேன்.