மீன் கூடையோடு ஞானஸ்நானத்துக்கு வந்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் ஓர் அனுதாபச் செய்தி வந்திருக்க வேண்டும். ஏழு பப்டிஸ்ட் சபைகள் ஒன்றாகச் சேர்ந்து நடத்தும் சமாதான, சமூகநீதிக் குழுவின் தலைவரான பாஸ்டர் அதை அனுப்பியிருந்தார். அதில் எங்கள் அக்காவைச் சமாதானத்தின் தூதுவர் என்றும், குழுவின் தூண் என்றும், ஐந்து பிள்ளைகளின் அன்புத் தாய் என்றும் எழுதியிருந்தார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அச்சகத்தில் வேலை செய்யும் பெண் "இதை எந்தப் பக்கத்தில போடுறது?" என்று கேட்டார். போட வேண்டாம் என்று சொல்லி, அக்காவின் படத்தை அந்த இடம் நிரம்பும் அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுக்கச் சொன்னேன்.

நான் சபையில் எழுந்து ஒரு வசனம் பேசியதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் தெரியாதவர்கள் தெரிந்தது போல் எழுதுவதைவிட, தெரிந்தவள் பிழையாக எழுதினாலும் பரவாயில்லை என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

அக்கா கண்டக்குழிப் பக்கத்தில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா படகில் கூலிக்குப் போனவர். எங்கள் ஊரில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும்தான் அதிகம். பப்டிஸ்ட் வீடுகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். ஆளை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்தி ஞானஸ்நானம் கொடுப்பதால் எங்களை "முங்கிற வேதக்காரர்" என்று சொந்தக்காரரே கேலி செய்வார்கள். அப்பாவும் அக்காவும் கடலில்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். தன்னை அமிழ்த்தும்போது பெரிய அலை ஒன்று வந்ததை அக்கா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். "பாஸ்டர் என்ன முக்கப் போனார். கடல் அவரையும் சேத்து முக்கிட்டு. அவருக்கு அண்டைக்கு ரெண்டாந்தரம்."

அம்மா இறந்தபோது அக்கா ஏழாம் வகுப்பில் இருந்தார். அதன் பிறகு பாடசாலைக்குப் போகவில்லை. என்னையும் அண்ணனையும் வளர்த்தது அக்காதான். கல்யாணம் முடித்து இரண்டு வருடத்தில் மச்சான் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. மறுமணத்துக்குக் கேட்டு வந்தவர்களுக்கு அக்கா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு அவருடைய வாழ்க்கை கருவாடுதான். விடிய, கரைக்கு வரும் படகுகளிடம் மீன் எடுத்து, கூடையில் சுமந்து வந்து, வெட்டி, உப்பிட்டு, பாயில் காயப்போடுவார். அந்த வேலையில் கூட இருந்தவர் பக்கத்து வீட்டு றஹீமா ராத்தா. நானும் அவர்களுக்குப் பின்னால் கூடை தூக்கினேன்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு தமிழ்ச் சபைகளும் சிங்களச் சபைகளும் சேர்ந்து சமாதானத்துக்கும் நீதிக்கும் வேலை செய்யப்போகிறோம் என்று அறிவித்தபோது, எங்கள் சபையிலிருந்து அக்கா போனார். வேறு யாரும் பஸ்ஸில் அவ்வளவு தூரம் போக விரும்பவில்லை. சிலாபத்தில் நடந்த முதல் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். போகும் வழியில் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏழு சபையும் ஒரு வாயா நிண்டு கதைச்சா, ஆர்டி கேக்காம இருக்கப் போறான்?"

அங்கே பாட்டுப் பாடினோம். பிரியாணி சாப்பிட்டோம். தீர்மானம் வாசித்தார்கள். அக்காவைப் பார்த்து ஒருவர், "அக்கா, நீங்க தேத்தண்ணிப் பக்கத்தைப் பாருங்க" என்றார். அக்கா பார்த்தார். அடுத்த கூட்டத்துக்கும் பார்த்தார். நீதிக்காகப் பாடுபட வந்தவர்கள் தாங்கள் குடித்த கோப்பையைத் தாங்களே எடுத்து வைத்ததை நான் ஒருநாளும் காணவில்லை.

அந்தக் காலத்தில்தான் எங்கள் கரையில் விடுதி கட்டினார்கள். கட்டிய முதலாளி வீதியிலிருந்து மணல் வரைக்கும் வேலி அடித்தார். நாங்கள் மீன் சுமந்து வரும் பாதை வேலிக்குள்ளே போய்விட்டது. அப்பாவையும் அக்காவையும் ஞானஸ்நானத்துக்குக் கூட்டிப்போன பாதையும் அதுதான். இனி வேலியைச் சுற்றி, முள்ளுக் காட்டால் வர வேண்டும். கூடையோடு சுற்றி வருவதற்குள் வெயில் ஏறி மீனின் கண் வெளுத்துவிடும். வெளுத்த மீனில் நல்ல கருவாடு வராது. கருவாடு போடும் எட்டு வீட்டு அடுப்பும் அந்தப் பாதையை நம்பித்தான் எரிந்தது.

அக்கா இதைக் குழுவில் எழுந்து சொன்னார். கூட்ட அறிக்கையில் அது "கரையோரச் சவால்கள்" என்று வந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

மூன்று கூட்டங்களில் கேட்ட பிறகு குழு நேரில் வந்தது. இரண்டு வான் வண்டி, ஒரு பதாகை, புகைப்படக்காரர் ஒருவர். வேலிக்கு முன்னால் நின்று ஜெபித்தார்கள். ஜெபம் முடியும் வரைக்கும் புகைப்படக்காரர் கண்ணை மூடவில்லை. மற்றவர்களில் பாதிப் பேர் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு உள்ளே போய் முதலாளியோடு குளிர் அறையில் இருந்து கதைத்தார்கள். நாங்கள் பெண்கள் வெளியே வெயிலில் நின்றோம். வெளியே வரும்போது எல்லாருடைய முகத்திலும் சிரிப்பு.

"நல்ல மனுசன் அக்கா," என்றார் தலைவர். "வருசத்தில ஒருக்கா எங்கட ஏழு சபைக்கும் சேத்து ஞானஸ்நானத்துக்கு அவருடைய நீச்சல் குளத்தைத் தாறாராம். இலவசமா. கடல்ல அலை, பாசி, ஆபத்து. இது பாதுகாப்பு."

"பாதை?" என்று கேட்டார் அக்கா.

"அதுக்கு ஒரு உபகுழு போட்டிருக்கிறம்."

"உபகுழு வந்து கூடயத் தூக்குமா பாஸ்டர்?"

தலைவர் அக்காவின் தோளைத் தட்டி, "பொறுமையா இருங்க. சமாதானம் முக்கியம்" என்றார். பிறகு வானில் ஏறினார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வயதுக்கு வந்த காலத்திலிருந்து ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவள். எங்கள் சபைகளில் தண்ணீரில் அமிழ்த்துமுன் எல்லாருக்கும் முன்னால் சாட்சி சொல்ல வேண்டும், எப்படி விசுவாசத்துக்கு வந்தோம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு அது முடியவில்லை. அந்த வருடம் எங்கள் சபைப் போதகர் வந்து, குளத்தில் நடப்பதால் நேரம் குறைவு, சாட்சியைக் குழுவே எழுதித் தரும், வாசித்தால் போதும் என்றார். நான் சரி என்றேன். பாதை மூடியதற்குக் கொடுத்த இலஞ்சம்தான் அந்தக் குளம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சம்மதித்தேன். தலைவரை ஏசும்போது என்னையும் அந்த வரிசையில் நிறுத்தித்தான் ஏசுகிறேன்.

அக்கா கோபிக்கவில்லை. "போறதெண்டா போ. உன்ட விசுவாசம் உன்னோட. நான் வரமாட்டன்" என்றார். என் வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தந்தார்.

அன்று காலை குளத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் துவாயைப் போர்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீரில் மருந்து மணந்தது. என் முறை மூன்றாவது. ஒரு பக்கம் தலைவரும் மறுபக்கம் எங்கள் போதகரும் பிடித்துக்கொண்டார்கள். கையில் தந்த தாளைப் பார்த்தேன். கர்த்தரைப் பற்றி ஒரு வரியும், விடுதி முதலாளியின் பெருந்தன்மை பற்றி மூன்று வரியும் இருந்தன. எனக்குக் குரல் வரவில்லை. "சகோதரி கூச்சப்படுறா" என்று சொல்லித் தலைவரே தாளை வாங்கி என் சாட்சியை வாசித்தார். கை தட்டினார்கள்.

என்னைப் பின்பக்கமாகச் சாய்த்த நேரத்தில், கடற்கரைப் பக்கத்துச் சின்னக் கேற்றைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். தலையில் மீன் கூடை. பின்னால் றஹீமா ராத்தா, அவருக்குப் பின்னால் மற்றப் பெண்கள், எல்லார் தலையிலும் கூடை. பழைய பாதை குளத்தின் ஓரத்தால்தான் போனது. அவர்கள் அந்தப் பாதையால், சாய்கதிரைகளுக்கு நடுவால், ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். கூடைத் தண்ணீர் வெள்ளைக் கல்லில் சொட்டியது.

முதலாளி கதிரையை விட்டு எழும்பி, "ஐயா, ஒங்கட ஆக்கள்தானே, சொல்லுங்க" என்றார்.

"அக்கா, இது பரிசுத்தமான நேரம்!" என்று தலைவர் குளத்துக்குள் நின்றே சத்தம் போட்டார்.

"ஓம் பாஸ்டர். நீங்க உங்கட வேலயப் பாருங்க. மீன் வெயிலுக்கு நிக்காது," என்றார் அக்கா. நடையை நிறுத்தவில்லை.

றஹீமா ராத்தா பின்னால் வந்தவர்களைப் பார்த்து, "கூடயச் சரிக்காம வாங்கடி புள்ளயள். மீன் உள்ள விழுந்தா அதுக்கும் ஞானஸ்நானம் குடுத்துப் படம் புடிச்சுப் போடுவாங்க" என்றார்.

எங்கள் கதிரைகளிலேயே சிலர் சிரித்துவிட்டார்கள். தலைவரின் கை தளர்ந்தது. நான் காது வரைக்கும் தண்ணீரில் இருந்தேன். முகம் உள்ளே போகவில்லை. அவர் கூடைகளைப் பார்த்தபடியே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று அவசரமாகச் சொல்லி முடித்து என்னை நிமிர்த்திவிட்டார். சபைப் பதிவில் என் பெயர் ஏறியது.

அடுத்த கிழமை உபகுழு கூடியது. பாதையைப் பற்றி முடிவெடுக்க ஒரு வருடமாகக் கூடாத உபகுழு, அக்காவைத் தண்டிக்க ஆறு நாளில் கூடிவிட்டது. மூன்று மாதத்துக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கக்கூடாது என்று எங்கள் போதகர் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதமும் அக்கா முன் வரிசை வாங்கில்தான் உட்கார்ந்திருந்தார். தட்டு அவரைத் தாண்டிப் போகும். ஆராதனை முடிய, எப்போதும் போல அந்தச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களை எல்லாம் அக்காவே கழுவி, துடைத்து, அலுமாரியில் வைப்பார். தான் குடிக்காத கிண்ணத்தைக் கழுவும் அவரை ஒருவர்கூட "விடுங்க அக்கா" என்று தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

பெண்கள் ஒவ்வொரு நாளும் அதே பாதையால் நடந்தார்கள். முதலாளி பொலிசில் சொன்னார். அதற்குள் அக்கா பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்குப் பல தரம் போய், பழைய நில அளவைப் படத்தின் பிரதியை எடுத்து வைத்திருந்தார். செயலகத்திலிருந்து வந்த அதிகாரி அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியிலிருந்து மணல் வரைக்கும் நடந்து பார்த்தார். திரும்பி வந்து, "இது பொதுப் பாதைதான். வேலியக் கழட்டுங்க" என்றார். கொஞ்ச நாளில் பாதையின் அகலத்துக்கு வேலியைக் கழற்றினார்கள். குழுவிலிருந்து அன்று யாரும் இல்லை.

வருட அறிக்கையில் இருந்தார்கள். "குழுவின் தொடர் முயற்சியால் திறக்கப்பட்ட பாதை" என்று படம் போட்டு, அதில் தலைவர் பாதையில் நின்றார். அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து அக்கா அதை விரித்துப் பார்த்து, "துணி நல்லம். காகத்துக்கு மூடலாம்" என்றார். அன்றிலிருந்து அது கருவாட்டுப் பாய்க்கு மேலே கிடந்தது. சரிகை உப்பில் கறுத்தது.

என் விஷயத்தை அக்கா மறக்கவில்லை. "உன்ட முகம் நனையல்ல. நான் பாத்தனான். ஒரு நாளைக்குக் கடலுக்குப் போவம். சாட்சிய நீதான் சொல்லோணும்" என்பார். நான் "பிறகு" என்பேன். சீனி வியாதியால் காலில் புண் வந்து நடக்க முடியாமல் போனபோதும் நான் பிறகு என்றுதான் சொன்னேன். கடைசியாகச் சிலாபம் ஆஸ்பத்திரியில் கட்டிலில் இருந்து கேட்டார்.

"பாதை திறந்துதானே கிடக்கு?"

"ஓம் அக்கா."

"அப்ப உனக்கு என்ன?"

மறுநாள் அக்கா கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.

கல்லறைத் தோட்டமான சேமக்காலை கரையோரமாக இருப்பதால் அக்காவின் பெட்டி அந்தப் பாதையால் போனது. றஹீமா ராத்தாவும் பெண்களும் இரண்டு பக்கமும் நின்றார்கள். எங்கள் வீட்டில் தலைவர் சமாதானத்தைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தார். பிறகு சப்பாத்துக்குள் மணல் போகும் என்று வானில் ஏறிச் சுற்றி வந்தார். அவர் சேமக்காலைக்கு வர, நாங்கள் மண் போட்டு முடித்திருந்தோம்.

அக்காவின் புண்ணுக்கு அருவருக்காமல் மருந்து கட்டிய தாதிமாருக்கும், இரவு பகலாகக் கஞ்சி கொண்டுவந்து தந்த றஹீமா ராத்தாவுக்கும், அக்காவுக்குக் கூடை தூக்கக் கை கொடுத்த எட்டு வீட்டாருக்கும், படத்தோடு நடந்து பார்த்த அந்த அதிகாரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கம் முடிந்து ஒரு மாதத்தின் பின் எங்கள் போதகர் வீட்டுக்கு வந்து, "நான் அண்டைக்கே எதிர்த்திருக்கோணும்" என்று அழுதார். அவருக்கும் நன்றி. ஏழு சபைகளின் குழுவுக்கு நாங்கள் ஒரு நன்றியும் கடன்படவில்லை.

நினைவு ஆராதனைக்கு மறுநாள் விடிய, படகுகள் வருமுன், எங்கள் போதகர் என்னைக் கடலில் இறக்கச் சம்மதித்திருக்கிறார். இந்த மலரைப் பெற்றவர்கள் எல்லாரும் வாருங்கள். வீதியில் வாகனத்தை விட்டுவிட்டுப் பாதையால் நடந்து வாருங்கள். அமிழ்த்துமுன் சாட்சி சொல்ல வேண்டும். இந்த முறை தாளை வேறு யாரும் என்னிடமிருந்து வாங்க விடமாட்டேன். குரல் வராவிட்டால், வரும் வரைக்கும் தண்ணீரில் நிற்பேன். நான் வாசிக்கப் போகும் தாள், நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இதுதான்.

தங்கை