கையில் இறுகிய வளையல்

வயிற்றோடு டியூட்டி

"கர்ப்பிணிங்க வந்தா ஏன் மேடம் மொதல்ல கையை நீட்டச் சொல்றீங்க? வயித்தத்தானே பாக்கணும்?" என்று சின்ன நர்சுகள் என்னிடம் கேட்பார்கள். சொன்னால் நீளும் என்பதால் "சொன்னதைச் செய்" என்று வாயை அடைத்துவிடுவேன். என் வாய் அப்படி. அதற்காக என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் வைத்த பெயர்களும் எனக்குத் தெரியும். இப்போது ரிட்டயராகி வீட்டில்தான் இருக்கிறேன். பதிலை எழுதிவிடுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். ஆஸ்பத்திரியில் பழைய ஆட்கள் "பொன்ழூர்" என்பார்கள், புதிதாக வந்தவர்கள் "குட் மார்னிங்" என்பார்கள். நாங்கள் இரண்டுக்கும் தலையாட்டுவோம். பெண் டாக்டரை 'மதாம்' என்போம். ரத்த அழுத்தத்துக்கு எங்களிடம் 'தான்சியோன்' என்று பெயர். பிளட் பிரஷர் என்று சொல்ல நாக்கு பழக வெகு காலம் ஆயிற்று.

எனக்கு வெளி வேலை. முதலியார்பேட்டைப் பக்கம் மில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். தோளில் பை. அதில் தான்சியோன் கருவி, ஸ்பிரிட் விளக்கு, இரண்டு டெஸ்ட் டியூப். அந்த மார்கழியில் எனக்கே நிறைமாதம், இரண்டாவது பிள்ளை. லீவு கேட்டேன். "உன் எடத்துக்கு ஆள் வரட்டும், அதுவரைக்கும் மெதுவா போயிட்டு வா செலின்" என்றார் மதாம். ஆள் எப்போது வருவாள் என்று அவருக்கும் தெரியாது, பாவம்.

புதுச்சேரிக் குளிர் எல்லாம் ஒரு குளிரா என்று சிரிப்பார்கள். நிறைமாத வயிற்றோடு மார்கழி விடியலில் ஈரத் தரையில் கையூன்றி எழுந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். கடல்காற்று எலும்பு வரைக்கும் போகும். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் இடுப்பு கழலும். கெண்டைக்காலில் குரக்குவலி பிடித்தால் குனிந்து பிடித்துவிட முடியாது. நடுவில் வயிறு இருக்கிறதே.

வெயில் காய்ந்த இடம்

லைன் வீடுகளுக்கு எதிரே மில்லின் மதில் சுவர். காலைச் சங்கு ஊதி ஆண்கள் உள்ளே போன பிறகு, சுவரோரம் வெயில் விழும். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அங்கே சாக்கை விரித்து உட்கார்வார்கள். எனக்கும் வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை மிச்சம். அவர்களோடு நானும் சாக்கில் உட்கார்ந்துவிடுவேன்.

அங்கே தலைவி பாக்கியம். மூன்றாவது பிரசவத்துக்குக் காத்திருந்தவள். அவள் பேச ஆரம்பித்தால் மில் சங்கே அடங்கிவிடும்.

"நேத்து கோலம் போட குனிஞ்சேன் நர்சம்மா, நிமிர முடியல. எங்க வூட்டுக்காரரு வந்து தூக்கி நிறுத்தினாரு. புள்ளி மட்டும் வச்சிட்டு வந்துட்டேன். தெருவே சிரிக்குது."

"நீ தேவலாம் பாக்கியம், எனக்குப் புடவைக் கொசுவம் சொருகக் கை எட்டல" என்றேன்.

"அய்ய, நர்சம்மாவுக்கே இந்தக் கதியா!"

அவர்களுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். நெஞ்செரிச்சல், பனியில் கொல்லைப்பக்கம் போய்வரும் அவஸ்தை, காயாத தலைமுடி, எல்லாம் சாக்கின் நடுவே வந்து விழும். ஒருத்தி சொல்ல, அடுத்தவள் "எனக்கும் அப்படித்தான்" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் சொன்னவள் முகம் தெளியும். என் பையில் அப்படி ஒரு மருந்து இல்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது. முதல் பிரசவத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். வெள்ளைப் புடவை கட்டிவிட்டால் பயம் போய்விடுமா?

அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காதவள் அஞ்சலை. தலைப்பிரசவம். தாய் இல்லாத பெண் என்பதால் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக ஆளில்லை, மாமியார் முனியம்மாவிடமே இருந்தாள். கார்த்திகையில் முனியம்மாதான் வளைகாப்பும் நடத்தினாள். இரண்டு கையும் நிறையச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல். பெற்றவள்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்த வளையலுக்கு ஒரு கட்டு உண்டு. பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது, உடையக் கூடாது. பிறந்த பிறகு கழற்றி, பிரசவம் பார்த்தவள் கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அப்படி எத்தனையோ வந்திருக்கிறது.

முகம் பூரித்தது

இடையில் மழையால் ஒரு வாரம் நான் போகவில்லை. அடுத்த முறை போனபோது தூறல். வெயில் இல்லாவிட்டாலும் மதிலோரம் தகரத்துக்கடியில் கூட்டம் இருந்தது. அஞ்சலையைப் பார்த்ததும் பாக்கியம் சொன்னாள்:

"பாருங்க நர்சம்மா, அஞ்சல மொகம் எப்படிப் பூரிச்சிருக்கு! நிலா மாரி. ஆம்பளப் புள்ளதான்."

அஞ்சலை சிரித்தாள். கண் இமை தடித்திருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தலவலியா?"

"பனி ஏறியிருக்கு நர்சம்மா" என்று பாக்கியம் முந்திக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான். சுக்குப் பத்து போடச் சொன்னேன்."

"நான் அவளைக் கேட்டேன்" என்றேன்.

அஞ்சலை குரலைத் தாழ்த்தினாள். "நாலஞ்சு நாளா வலிக்குதுக்கா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாரி இருக்கு. எல்லாருக்கும் இப்படித்தான்னு சொன்னாங்க. நான் மட்டும் பெருசா சொல்லிக்கிட்டா நல்லாயிருக்காதுன்னு வுட்டுட்டேன்."

நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். என் விரல் நுழைய இடமில்லை. கார்த்திகையில் குலுங்கிய வளையல்கள் சதைக்குள் பதிந்து கிடந்தன. ஒன்றை நகர்த்தினேன், நகரவில்லை. அதன் கீழே சிவந்த தடம்.

எழுந்து அவளை வீட்டுக்குள் கூட்டிப்போனேன். தான்சியோன் பார்த்தேன், எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சிறுநீரை டெஸ்ட் டியூபில் பிடித்து விளக்கில் காய்ச்சினேன். தெளிவாக இருக்க வேண்டியது தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கட்டியது. அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. இப்படியே விட்டால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது.

"முனியம்மா, இன்னைக்கே இவளை ஆஸ்பத்திரில சேக்கணும்" என்றேன்.

முனியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மார்கழில வூட்ட வுட்டு அனுப்ப மாட்டேம்மா. போகி கழியட்டும், தை பொறக்கட்டும். நானே இட்டாரேன்."

"தை பொறக்கற வரைக்கும் இவ தாங்க மாட்டா."

"போன மார்கழில எங்க ஓரகத்தி மருமவளை இப்படித்தான் இட்டுக்கினு போனாங்க. பொணமாத்தான் வந்தா. நான் பாத்தேன்." களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். அவளுக்கும் பயம்தான். அது எனக்கு அப்போது புரியவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"அவளையும் இப்படித்தான் கடைசி நேரத்துல கொண்டுபோயிருப்பீங்க" என்று கத்திவிட்டேன்.

முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும்தான் நெறமாசமா நிக்கிற. உனக்கும் கால் வீங்கியிருக்கு, மூச்சு வாங்குது, தூக்கம் இல்லைன்னு நீயே அன்னைக்கிச் சொன்ன. நீ படுத்தியா? பையத் தூக்கினு ஊரெல்லாம் சுத்துற. உனக்கு ஒண்ணு, எம் மருமவளுக்கு ஒண்ணா?"

அந்தச் சாக்கில் உட்கார்ந்து நான் சொல்லிச் சிரித்ததெல்லாம் எனக்கெதிரே சாட்சியாக வந்து நின்றது. புடவையைத் தூக்கி என் காலைக் காட்டினேன். விரலால் அழுத்தினேன், லேசாகத்தான் பதிந்தது. அஞ்சலையின் காலை அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. முனியம்மா குழியைப் பார்த்தாள். அரிசிப் பானையை அடுப்பில் ஏற்றினாள்.

"எம் மவன் வரட்டும், அவன் சொல்லட்டும்" என்றாள் கடைசியில்.

மில் கேட்

அஞ்சலையைப் படுக்க வைத்துப் பாக்கியத்தைக் காவல் வைத்தேன். "வாயை மூடினு பக்கத்துல ஒக்காரு, கண்ணை மட்டும் அவ மேல வை" என்றேன். பாக்கியம் முதல் முறையாகப் பதில் பேசாமல் தலையாட்டினாள்.

மில் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

"ஷிப்டு நடுவுல மிஷினை வுட்டு ஆளக் கூப்புட முடியாதும்மா. சங்கு ஊதட்டும்."

"உயிர் போற விஷயம்யா."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

தூறலில் நின்றேன். வயிற்றில் என் பிள்ளை உதைத்தது. கோபத்தில் அழுகை வந்தது. கேட்டிலேயே உட்கார்ந்து, "அப்போ என் பிரசவத்தையும் இங்கேயே நீயே பாரு" என்றேன். அவன் பதறிப்போய் உள்ளே ஓடினான். அஞ்சலையின் புருஷன் கோவிந்தன் தலையெல்லாம் பஞ்சோடு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் "போலாம் நர்சம்மா" என்றான். ரிக்‌ஷா பிடித்துக்கொண்டு திரும்பினோம்.

லைன் முனையிலேயே பாக்கியத்தின் அலறல் கேட்டது. அஞ்சலைக்கு வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில்

ரிக்‌ஷாவில் அவள் தலை கோவிந்தன் மடியில். முனியம்மா கூடவே ஓடிவந்தாள், செருப்பில்லாமல். ஆஸ்பத்திரியில் மதாம் ஊசி போட்டு, அறையை இருட்டாக்கி, கையில் நரம்பு தேடினார். வீக்கமும் வளையலுமாக நரம்பு அகப்படவில்லை.

"வளையலை எடுங்க" என்றார்.

சோப்பு போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. உடைத்தால்தான் உண்டு. நான் முனியம்மாவைப் பார்த்தேன். தடுப்பாள், கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். அவள் தன் முந்தானையை அஞ்சலையின் மணிக்கட்டுக்கு அடியில் செருகி, கத்தரிக்கோலின் பிடியால் ஒவ்வொன்றாக அவளே உடைத்தாள். "மாரியாத்தா, எங்கையாலயே ஒடைக்கிறேன், எங்கையாலயே ஒடைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே உடைத்தாள். அவள் விரலில் ரத்தம்.

அஞ்சலை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண். குறையொன்றும் இல்லாத முகம். மூச்சு மட்டும் இல்லை.

மறுநாள் பகலில் அஞ்சலைக்கு நினைவு திரும்பியது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். வெறும் கை. அவள் முகம் மலர்ந்தது.

"வளையல் கழட்டிட்டீங்களா? அப்போ பொறந்துடுச்சா? எங்கக்கா?"

எத்தனையோ பேருக்குச் சாவுச் செய்தி சொன்னவள் நான். அன்றைக்கு அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தையில் எனக்குப் பையன் பிறந்தான். மறுபடி வேலைக்குப் போனபோது அந்த லைனுக்குள் நுழையவே கால் கூசியது. என் ரவிக்கையில் பால் கறை தெரிந்துவிடுமோ என்று தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டேன். அவளுக்கும் பால் கட்டி, துணி இறுக்கிக் கட்டியிருந்தார்கள் என்று பாக்கியம் சொல்லித்தான் தெரியும்.

பாடம் என்றால் இதுதான்

பிறகும் வெயில் காயும் கூட்டத்தை நான் கலைக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பேச்சுத்துணை வேண்டும். எனக்கும் வேண்டியிருந்தது என்று சொன்னேனே. ஆனால் பேசி முடித்ததும் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிடுவேன். "எல்லாருக்கும் இருக்கறதைச் சொல்லாதே, உனக்கு இருக்கறதைச் சொல்லு" என்பேன். அதற்கு முன்பே கையை நீட்டச் சொல்லி வளையலை நகர்த்திப் பார்ப்பேன். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற வார்த்தையைச் சர்வீஸ் முடியும்வரை என் வாயால் சொன்னதில்லை. சொன்ன நர்சுகளைத் திட்டியிருக்கிறேன். அவர்களுக்குக் காரணம் தெரியாது.

இரண்டு மழைக்காலம் போய் அஞ்சலை மறுபடி உண்டானாள். வளைகாப்பு வேண்டவே வேண்டாம் என்று முனியம்மா பயந்தாளாம். அஞ்சலைதான் கேட்டுப் போட்டுக்கொண்டாள், வளையல்காரரிடம் பெரிய அளவாகக் கேட்டு வாங்கி. அதற்குள் என்னை ஆஸ்பத்திரி வேலைக்கு மாற்றியிருந்தார்கள்; இந்த முறை அங்கே அவளாகவே வருவாள். பெஞ்சில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் முறை வந்ததும் நான் கேட்பதற்கு முன்னால் கையை உயர்த்துவாள். வளையல் முழங்கை வரைக்கும் சரிந்து ஓடும்.

"காலைல கண்ணு முழிச்சதும் இதத்தான்க்கா மொதல்ல பாக்குறேன்."

அந்தப் பிரசவமும் மார்கழியில்தான். தை பிறக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. முனியம்மாவே முன்கூட்டிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, வராந்தாவில் குளிரில் சுருண்டு கிடந்தாள். ஆண் குழந்தை. நல்ல குரல், வார்டே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அஞ்சலை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"பாருங்கக்கா, ஒண்ணுகூட ஒடையல."

"ஆமாம்" என்றேன்.

அவள் என் விரல்களைத் தன் கையால் மூடினாள். "மூத்தவ பொறந்ததுக்கு ஒங்களுக்குக் குடுக்கவேண்டியதும் இதுலயே இருக்குன்னு வச்சிக்கங்க."

வாங்கிக்கொண்டேன்.