முட்டை போகாத கல்லூரி

அவரை நான் முதலில் பார்த்தபோது, ஒரு முட்டையை எரியும் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் வாடகைக்கு அறை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருந்தேன். கையில் சான்றிதழ் ஃபைல். அறை கேட்கப் போகிறவனுக்கு அது எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. அந்த நாட்களில் பல் தேய்க்கும்போது மட்டும்தான் அதைக் கீழே வைப்பேன். எங்கள் குடும்பத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னிடமிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் தப்பியதில்லை.

அவரிடமும் சொன்னேன். முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டார். "ரொம்ப நல்லது தம்பி. படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் மெதுவா ஏறணும். கீழ சரக்கு இருக்கு" என்றார். அந்த அறைக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

தெருவில் அவரை முட்டையண்ணன் என்பார்கள். முன்பக்க அறை முழுக்கக் கூரை வரை முட்டை அட்டைகள். பின்பக்க இரண்டு அறைகளில் அவரும் அண்ணியும் மகளும். பண்ணையிலிருந்து தன் சின்ன வேனில் சரக்கெடுத்து, ஊரைச் சுற்றியுள்ள நான்கு கல்லூரி விடுதிகளின் சமையல்கூடங்களில் திங்கள், புதன், வெள்ளி இறக்குவார். இருபது வருடமாக அதே வேலை, அதே வேகம்: மணிக்கு முப்பது. வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே வண்டி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நடந்துபோன ஒருவர் இவரை முந்தி, திரும்பி நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனதாகத் தெருவில் சொல்வார்கள். சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பும்போதும் முப்பதுதான். நடையில் தோள் குலுங்காது. தும்மல் வந்தால்கூடக் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் தும்முவார்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த மகள் கல் பொறுக்குகிறவள். ஆற்றங்கரை, ரயில் பாதை ஓரம், வீடு கட்டும் இடம் என்று எங்கே போனாலும் பையில் நாலு கல்லோடுதான் திரும்புவாள். முன்னறைக்குள் கல் வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அவள் பின்வாசல் வழியாகத்தான் வந்து போவாள். "அப்பா முட்டை, பொண்ணு கல்லு. நடுவுல நான் குடும்பம் நடத்துறேன்" என்று அண்ணி என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அவளுடைய பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். விண்ணப்பித்த ஐந்து கல்லூரிகளிலும் இடம் கிடைத்துவிட்டது. எதில் சேர்கிறாள் என்று அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அண்ணன் அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்: தன் கண்ணால் பார்க்காத இடத்தில் மகளைச் சேர்க்க மாட்டார். கல்லூரிகளைக் குடும்பத்தோடு வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவது, அதற்குத் திட்டம் போட என்னைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

நான் வேலை பார்ப்பது ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில். எந்த லாரி எப்போது கிளம்பி எப்போது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அட்டவணை போடுவதுதான் என் வேலை. கேட்க வேண்டுமா? என் கல்லூரியை நான் முதன்முதலில் பார்த்ததே சேர்ந்த அன்றுதான். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி என் சட்டைப்பையில் வைத்து, அப்பா பஸ் ஏற்றிவிட்டார். அதனால் இந்தப் பயணத்தை எனக்கே நடப்பதாக எடுத்துக்கொண்டேன்.

முதல் கூட்டம் முட்டை அறையில் நடந்தது. நான்கு கல்லூரிகளைப் பற்றி அண்ணன் வரிசையாகச் சொன்னார். ஒன்றில் சமையல் மாஸ்டர் தங்கமான ஆள், ஆனால் பிள்ளைகள் பாதிச் சாப்பாட்டைக் கொட்டுகிறார்கள். இன்னொன்றில் பாத்திரம் கழுவும் இடத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும். மூன்றாவதில் வாட்ச்மேன் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார். நான்காவதில் பேச மாட்டார், ஆனால் சரக்கு இறக்க ஒரு கை கொடுப்பார். எந்தக் கல்லூரியில் என்ன பாடம் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டேன். அதைத் தவிர எல்லாம் தெரிந்திருந்தது.

"பிரின்சிபால் யாருன்னு கேட்டுப் பாருங்க. இவருக்கு சமையல் மாஸ்டரோட மச்சினன் பேரு வரைக்கும் தெரியும்" என்றார் அண்ணி.

"ஒரு எடத்தோட லட்சணம் சமையக்கட்டு வாசல்ல தெரிஞ்சிடும். முன்வாசல்ல போர்டுதான் இருக்கும்" என்றார் அண்ணன். ஆனால் இந்த முறை முறையாக, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாகப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

ஐந்தாவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது இருநூறு கிலோமீட்டர் தள்ளி, மலைமேல் இருந்தது. மறுநாள் காலை மகள் படியில் வழிமறித்தாள்.

"மாடியண்ணா, நிலவியல் அங்க மட்டும்தான் இருக்கு. மத்த நாலும் அப்பாவுக்காகப் போட்டது. நீங்க அதத் திட்டத்துல சேத்துடுங்க. நீங்க எழுதினா கேப்பாரு."

பட்டதாரி எழுதினால் கேட்பார் என்பதை அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அன்று சாயங்காலமே இரண்டு நிற மையில் அட்டவணை தயார். முதல் நாள் நான்கு கல்லூரிகள், மாலையில் மலையேற்றம். இரண்டாம் நாள் காலை ஐந்தாவது கல்லூரி, பிறகு வீடு. தேநீருக்குப் பன்னிரண்டு நிமிடம், டயர் பஞ்சருக்கு இருபத்தைந்து. இதை நான் சத்தமாக வாசித்து முடித்ததும் அண்ணன் தாளை வாங்கிப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, வண்டிய யாரு ஓட்டுறா?"

"நீங்கதான் அண்ணே."

"அப்ப இது தப்பு" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் மணிக்கு ஐம்பது என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் செங்கல் ஏற்றிய லாரிக்கே ஐம்பது. முப்பதில் போட்டால் நான்கு கல்லூரிக்கு ஒரு நாள், மலைக்குப் போக ஒன்று, வர ஒன்று என மூன்று நாள் ஆகும். அண்ணனுக்குக் கிடைப்பதோ இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் அண்ணியின் தம்பி தன் வண்டியோடு வந்து சரக்கெடுத்துப் போடுவதாக ஏற்பாடு. அதற்கு மேல் அவரால் முடியாது. "கோழிக்கு லீவு தெரியாது தம்பி. அஞ்சாவத அடிச்சிடுங்க. ரோடும் சரியில்ல" என்றார் அண்ணன். திட்டத்தில் இல்லையென்றால் பார்க்க முடியாது, பார்க்காவிட்டால் சேர்க்க மாட்டார். மகள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

என் அட்டவணையை ஒரு கால் பெடல் தோற்கடிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வண்டியில்தான் சரக்கே இருக்காதே, ஐம்பதில் ஓட்டினால் என்ன என்றேன். அண்ணன் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. நெளிவில்லாத புறவழிச்சாலை, காலி வண்டி. அவர் பக்கத்தில் மகள், கதவோரம் நான். முப்பத்தைந்து வரை வந்தது. முப்பத்தெட்டில் அவருக்கு நெற்றி வியர்த்தது. நாற்பதில், "பின்னாடி என்னமோ ஆடுற சத்தம் கேக்குதே" என்றார். பின்னால் ஒன்றுமே இல்லை என்றேன். "அதான் சத்தம் கேக்குது" என்றார். நாற்பத்திரண்டைத் தொட்டதும் அவருடைய கால் யாரையும் கேட்காமல் தானாகத் தூக்கிக்கொண்டது. ஒரு சைக்கிள் எங்களைக் கடந்து போயிற்று. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "முடியல பாப்பா" என்றார் மகளிடம். நான் மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் மடக்குவது எப்படி என்று மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிளம்பும் நேரத்தை அதிகாலை மூன்றரை ஆக்கினால்? தேநீரை நிறுத்தினால்?

"அப்பா, அந்த நாலு காலேஜுக்கும் வாரத்துக்கு எத்தன தடவ போறீங்க?" என்று கேட்டாள் மகள்.

"மூணு."

"எத்தன வருஷமா?"

"இருவது."

"அப்ப அத எதுக்குப்பா மறுபடி போய்ப் பாக்கணும்? முன்வாசல்ல போர்டுதான் இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க. நீங்க பாக்காதது ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு ரெண்டு நாள் சரியாப் போவும்."

போக ஒரு நாள், வர ஒரு நாள், மணிக்கு முப்பது. எங்கும் இடிக்கவில்லை. இரண்டு நிற மையும் பஞ்சருக்கு இருபத்தைந்து நிமிடமும் போட்டவனுக்கு இது எட்டவில்லை. மடியிலிருந்த அட்டவணையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் சமாதானமாகவில்லை. ரோட்டைப் பற்றி மறுபடி தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். பிறகு கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த நாலுல எங்க சேந்தாலும் வாரத்துல மூணு நாள் உன்னப் பாத்துட்டு வந்துடுவேன். நம்ம முட்டையே போகாத எடத்துக்கு நீ போனா, நான் என்னன்னு சொல்லிட்டு வர்றது?"

"மகளப் பாக்க வந்தேன்னு சொல்லிட்டு வாங்க. கையில அட்டை இல்லாம."

அப்படி ஒரு வழி இருப்பதே இப்போதுதான் தெரிந்தவர்போல அண்ணன் தலையை ஆட்டினார். திரும்பும் வழியெல்லாம் முப்பதைத் தாண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மூவரும் நல்ல உடையில் கிளம்பினார்கள். நடந்ததை அண்ணி வந்து சொன்னார். மலைப்பாதையில் இவர்களுக்குப் பின்னால் பதினோரு வண்டிகள் சேர்ந்துவிட்டனவாம். யார் வீட்டு ஊர்வலம் என்று வழியில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தாராம். முன்வாசலில் பேராசிரியர் ஒருவர் வரவேற்று, பாறைகளை அடுக்கி வைத்திருந்த கூடத்தைக் காட்டியிருக்கிறார். மகள் அங்கேயே நின்றுவிட்டாள். அண்ணனுக்கு அந்தக் கூடத்தில் கை வைக்க இடம் தெரியவில்லை. சத்தமில்லாமல் நழுவி, சமையல்கூடத்தைத் தேடிப் போய்விட்டார்.

அரை மணி கழித்துத் திரும்பியவரின் முகம் சரியில்லை. "முட்டை பழசு. வந்து மூணு வாரம் இருக்கும். அட்டைக்கு அஞ்சு கீறல் விட்டது. யாரோ கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிக் கொண்டாந்து போடுறான்" என்றாராம். மகளுக்குப் பகீரென்றிருக்கிறது. இருபது வருட வழக்கப்படி இதைவிடப் பெரிய குற்றம் அவர் கணக்கில் கிடையாது. காரியம் கெட்டது என்று அண்ணியே முடிவுகட்டிவிட்டார்.

அண்ணன் அவளைத் தனியே கூப்பிட்டிருக்கிறார். "நீ இங்கயே சேந்துக்க" என்று சொல்லிவிட்டு, "இந்தப் புள்ளைங்களுக்கு ஒழுங்கா முட்டை கொண்டாந்து குடுக்க ஆளில்ல. சமையல் மாஸ்டர்கிட்டப் பேசிட்டேன். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ நான் வர்றேன்" என்றாராம். கையில் அட்டை இல்லாமல் வரும் யோசனை அவர் மனத்தில் நிற்கவே இல்லை. மகள் சிரித்தாளா அழுதாளா என்று அண்ணிக்கே சரியாகத் தெரியவில்லை. "ரெண்டும்தான்" என்றார்.

இங்கே அந்த இரண்டு நாளில் அண்ணியின் தம்பி மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு முட்டை உடைத்திருந்தார். நானும் அவரும் மூன்று வேளையும் ஆம்லெட் சாப்பிட்டோம்.

இப்போது அவள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் கற்களை வைக்கப் பின்வாசலில் தனி அலமாரி போட்டாகிவிட்டது. அண்ணன் மாதம் இரண்டு சனிக்கிழமை மலைக்குப் போகிறார். சமையல்கூடத்தில் சரக்கை இறக்கி, அதன் வாசலிலேயே மகளோடு ஒரு தேநீர் குடித்துவிட்டு மறுநாள் திரும்புகிறார். மலைப்பாதையில் வேகம் இருபது. இதுவரை அந்த வழியில் ஒரு முட்டையும் உடையவில்லை. நான் இன்னும் அதே மாடியறையில்தான் இருக்கிறேன். படியில் மெதுவாகத்தான் ஏறுகிறேன்.