முதுகுப்பையோடு ஹட்டன் பஸ்ஸில்

காலையில் முதல் வேலையாகப் புது முதுகுப்பையில் அரிசியும் மாவும் அடைத்து மாட்டிக்கொண்டேன். ஆறு மாதம் சிக்கனமாக நாடு நாடாகச் சுற்றப்போகிறவள் பாரம் சுமந்து பழக வேண்டுமே. அப்படியே நோர்வூட்டில் ஹட்டன் பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் செல்வியக்கா.

"டீச்சர், நீங்களுமா வீட்டு வேலைக்கு? சவூதியா, குவைத்தா?"

"வேலைக்கு இல்லக்கா. சும்மா சுத்திப் பார்க்க."

"தனியாவா? அதெல்லாம் வெள்ளைக்காரங்க செய்றதுங்க."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் குவைத்துல அஞ்சு வருஷம் வீட்டு வேலையில இருந்தேன். ஒரு நாள்கூட ரோட்டுல நடந்ததில்ல. நீங்க நடங்க டீச்சர்."

பயணத்தைத் தாய்லாந்தில் தொடங்குவதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

குவைத்தில் மலிவாகத் தங்க இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதலில் அங்கேதான் நடக்கப்போகிறேன். செல்வியக்காவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.