பரணடியில் வாய் திறக்காதவள்

பலவேசம் தெருவுக்குள் நுழைந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். "பலவேசம் வாரேன்!" என்று கூவிக்கொண்டேதான் வருவார். பாபநாசத்து மலையடிவாரத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைக் 'கூவல் பலவேசம்' என்று கேலி செய்யும். செய்துவிட்டுப் போகட்டும், அதுகளுக்கு என்ன தெரியும்?

ஒரு காலத்தில் அவரைப்போல் சத்தமில்லாமல் நடக்க அந்தப் பக்கத்தில் ஆளே கிடையாது. மான்கள் சுனைக்கு வரும் தடத்தில் மருதமரத்தின் மேல் பரண் கட்டியிருந்தார். விடியுமுன் துப்பாக்கியோடு கிளம்புவார். வெற்றிலை போடமாட்டார். காற்று முகத்தில் அடிக்கும்படி சுற்றிப் போவார். பாதத்தின் ஓரத்தை முதலில் ஊன்றி, சருகு நொறுங்காது என்று தெரிந்த பிறகே மிச்சத்தை வைப்பார். பரண் பக்கம் யார் வந்தாலும் வாய் திறக்கக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். ஒருதரம் தங்கை சுடலைவடிவு கஞ்சி கொண்டுவந்து "அண்ணே" என்று கூப்பிட, நின்ற மான் ஓடிவிட்டது. ஆடியில் நடந்தது, பொங்கல்வரை அவளோடு பேசவில்லை. அப்படியொரு முன்கோபி!

அம்பாசமுத்திரம் வழியாக ரயில் ஓட ஆரம்பித்த வருஷம், அவர் மனைவி ஆறுமுகத்தாய் மலைக்காய்ச்சலில் படுத்துவிட்டாள். மான்கறிச் சாறு உள்ளே போனால் தேறுவாள் என்றார் வைத்தியர்.

"இன்னைக்கு ஒருநா போகாதிய. என்னமோ பயமா இருக்கு" என்று கையைப் பிடித்தாள்.

"சாறு குடிச்சா எந்திரிச்சு ஓடுவ, பாரு. வெயில் ஏறுமுன்ன வந்துருதேன்." சுடலைவடிவைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனார்.

வெயில் ஏறியும் மான் வரவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனம் ஒப்பவில்லை. தற்செயலாகக் கீழே பார்த்தால், சுடலைவடிவு நிற்கிறாள்! எப்போது வந்தாள்? ஒரு சருகுகூட நொறுங்கவில்லையே! கெட்டிக்காரி, ஒருவழியாகப் படித்துக்கொண்டாள் என்று பூரித்துப்போய், உட்கார் என்று கையைக் காட்டினார். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருமலை அடக்குகிறாள் என்று நினைத்தார், பாவி மனுஷன்.

கடைசியில் மான் வந்தது. சுட்டார். விழுந்தது.

"ஏட்டி, பாத்தியா! உன் மதினி பொழைச்சா!" என்று குதித்து இறங்கினார்.

"அண்ணே, மதினிக்கு மூச்சு இழுக்கு. உங்க மொகத்தப் பாக்கணும்னு அழுதாவ. நீங்க ஏசுவியன்னுதான் வாயத் தொறக்கல."

மானை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். சுள்ளியும் சருகும் நொறுங்க, "ஆறுமுகத்தாயி, வந்துட்டேன்! வந்துட்டேன்!" என்று காடே அதிரக் கத்திக்கொண்டு ஓடினார். அவள் கண் வாசலைப் பார்த்தபடியே நின்றுபோயிருந்தது.

தங்கையை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. எந்த வாயால் ஏசுவார்? நெஞ்சு வெடித்து அழுதார், அவ்வளவுதான். அப்புறம் பரண் ஏறவுமில்லை, வேறு கலியாணம் கட்டவுமில்லை.

விறகு வெட்டிப் பிழைக்கிறார் இப்போது. சாயங்காலம் தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு வருவார். பூட்டிய கதவுமுன் சுமையை இறக்கிவிட்டு, உள்ளே கேட்கும்படி இன்னொருதரம் சொல்வார்: "வந்துட்டேன், தாயி."